சூரிய மின்சாரத்துக்குத் தடை மென்பொருள் பற்றாக்குறையா?

சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் கிடைக்கும் மின்சாரத்தை மின்கட்டமைப்பில் பெருமளவு சேர்ப்பது அடிப்படையில் ஒரு தகவல் தொழில்நுட்பச் சிக்கல் என்ற கருத்து இந்தியாவில் வேரூன்றிவிட்டது. வீடுதோறும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்த வேண்டும். அவை அனுப்பும் தரவை மையக் கணினி திரட்ட வேண்டும். செயற்கை நுண்ணறிவு அதைப் படித்து, வெயில் மிகும்போது பயன்பாட்டைக் கூட்டியும் மேகம் சூழும்போது குறைத்தும் சமன் செய்துவிடும் என்கிறார்கள். அரசுத் திட்டங்களின் முன்னுரைகளும் மின்துறை மாநாடுகளும் இதையே சொல்கின்றன. இந்தக் குரல் உரக்க ஒலிக்கும் நகரங்களில் ஒன்று ஹைதராபாத். மென்பொருள் பொறியாளர்கள் நிறைந்த ஊர், எனவே மின்கட்டமைப்பையும் அதுவே மாற்றிக் காட்டும் என்பது அங்கே எதிர்பார்ப்பு.

இக்கருத்து தவறானது. தகவல் தொழில்நுட்பத்துக்கு மின்கட்டமைப்பில் பெரிய வேலை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வேலை இருக்கும் இடம் வேறு, பணமும் கவனமும் போகும் இடம் வேறு. ஹைதராபாத்தைத் தலைநகராகக் கொண்ட தெலங்கானாவின் மின்சார வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே சூரிய மின்சாரத்தின் வழியில் நிற்பவை மூன்று: வெயில் அடிக்கும் நேரத்தை மதிக்காத கட்டண விதி, அளக்கப்படாத பம்புசெட்டுகள், முழுமையாகப் பயன்படாத அணைகள். இவற்றில் எதையும் வீட்டுச் சுவரில் மாட்டும் மீட்டர் தீர்க்காது.

மின்கட்டமைப்பு மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதில்லை. ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் பயன்பாடும் சமமாக இருந்தாக வேண்டும். அந்தச் சமநிலையைக் காட்டும் அளவு அதிர்வெண். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ். பயன்பாடு மிஞ்சினால் மின்னாக்கிகளின் சுழற்சி வேகம் குறைந்து அதிர்வெண் சரியும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும். 49.90-க்கும் 50.05-க்கும் இடையே அதை வைத்திருப்பதே சுமைப் பகிர்வு மையங்களின் அன்றாடப் பணி. நிலக்கரி நிலையத்தை ஓரளவு கூட்டலாம், குறைக்கலாம். சூரிய மின்சாரமோ காலையில் ஏறி, நண்பகலில் உச்சம் தொட்டு, வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் மறைந்துவிடும். தமிழ்நாட்டைப் போலக் காற்றாலைகள் நிறைந்த மாநிலத்துக்கு வேறு தலைவலிகளும் உண்டு. தெலங்கானாவில் காற்றாலைகளின் மொத்தத் திறன் 128 மெகாவாட் மட்டுமே. சூரிய மின்திறனோ 4,500 மெகாவாட்டைத் தாண்டியது. ஆகவே அம்மாநிலத்தின் கேள்வி எளிமையானது: பகலில் வரும் மின்சாரத்தைப் பகலிலேயே செலவிடுவது எப்படி? மிஞ்சுவதை மாலைக்குக் கொண்டுசெல்வது எப்படி?

இத்தகைய சமநிலைச் சிக்கலை இந்தியா முன்பே ஒருமுறை எதிர்கொண்டது. 1990-களில் தென்னிந்திய மின்கட்டமைப்பின் அதிர்வெண் பல மணி நேரம் 48 ஹெர்ட்ஸை ஒட்டிக் கிடந்தது. மாநிலங்கள் தமக்கு ஒதுக்கப்பட்டதைவிட அதிகம் இழுத்தன. நள்ளிரவில் தேவை விழுந்தபோதும் உற்பத்தியைக் குறைக்க யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. 2003 ஜனவரி 1 அன்று தென்மண்டலத்தில் ஏபிடி என்னும் கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. நாள் 15 நிமிடம் கொண்ட 96 கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒப்புக்கொண்ட அளவிலிருந்து விலகி எடுக்கும் மின்சாரத்துக்கான விலை, அந்தக் கூறின் அதிர்வெண்ணைப் பொறுத்து ஏறியது, இறங்கியது. மாநில எல்லைகளில் இதற்கான மீட்டர்கள் வைக்கப்பட்டன. அவற்றின் பதிவுகளை வாரத்துக்கொரு முறை எடுத்துச் சென்று கணக்கிட்டார்கள். நேரலைத் தரவும் இல்லை, கற்றுக்கொள்ளும் இயந்திரமும் இல்லை. ஆனாலும் அதிர்வெண் குறுகிய காலத்தில் 50-ஐ நெருங்கியது. விலகினால் காசு போகும் என்பது புரிந்ததும், அதே பொறியாளர்கள் அதே தொலைபேசிகளை வைத்துக்கொண்டு வேறுவிதமாக இயக்கத் தொடங்கினார்கள். அம்முறையிலும் குறைகள் இருந்தன. 2012 ஜூலையில் வடமாநிலங்கள் இருண்ட பிறகு விதிகள் இறுக்கப்பட்டன. திருத்தப்பட்டது அப்போதும் விதியே.

இன்னொரு சோதனை 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நடந்தது. ஒன்பது நிமிடம் விளக்குகளை அணைக்குமாறு பிரதமர் விடுத்த அழைப்பால் நாட்டின் மின்தேவை சில நிமிடங்களில் சுமார் 31,000 மெகாவாட் சரிந்து, மீண்டும் ஏறியது. எதிர்பார்த்ததைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட சரிவு அது. அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையே நின்றது. அந்த இரவைத் தாங்கியவை நீர்மின் நிலையங்கள். முன்கூட்டியே முழுவீச்சில் ஓடவிடப்பட்டிருந்த அவை, தேவை சரிந்தபோது தாமும் இறங்கி, திரும்பியபோது ஏறின. மாநிலச் சுமைப் பகிர்வு மையங்களில் இருந்தவர்கள் இரண்டு நாளில் திட்டமிட்டு இதைச் சாதித்தார்கள். வேகமாக ஏறி இறங்கும் இயந்திரம் கையில் இருந்ததால்தான் அத்திட்டம் பலித்தது.

இனி ஸ்மார்ட் மீட்டருக்கு வரலாம். அதன் பயன்களை மறுப்பது நேர்மையாகாது. மீட்டர் கணக்கெடுக்க ஆள் போக வேண்டியதில்லை. கட்டணம் கட்டாதவர் இணைப்பைத் தொலைவிலிருந்தே துண்டிக்கலாம். மின்தடை எங்கே என்பதும் மீட்டரில் கைவைத்தவர் யார் என்பதும் விரைவில் தெரியும். இவை அனைத்தும் பகிர்மான நிறுவனத்தின் வசூலுக்கு உதவுபவை. 2021-ல் மத்திய அரசு அறிவித்த சீரமைக்கப்பட்ட பகிர்மானத் திட்டம் நாடு முழுவதும் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காக வைத்தது. பெரும்பாலான மாநிலங்களுக்கு ஒரு மீட்டருக்கு மத்திய அரசு தரும் மானியம் 900 ரூபாய் அல்லது செலவில் 15 விழுக்காடு, இரண்டில் எது குறைவோ அது. மீதியை மாதத் தவணையாகப் பகிர்மான நிறுவனம் ஏற்கிறது, அதாவது கடைசியில் நுகர்வோர் ஏற்கிறார். வசூலுக்காகச் செய்யும் இந்தச் செலவைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான முதலீடாகக் காட்டுவதுதான் பிழை.

ஹைதராபாத்துக்கு இதில் முன்னனுபவம் உண்டு. மத்திய மின் அமைச்சகம் நாடெங்கும் அனுமதித்த 14 ஸ்மார்ட் கிரிட் முன்னோடித் திட்டங்களில் ஒன்று, நகரின் வடமேற்கில் உள்ள ஜீடிமெட்லா தொழிற்பேட்டைக்குக் கிடைத்தது. சுமார் 12,000 நுகர்வோரை உள்ளடக்கிய அத்திட்டத்தின் நோக்கங்கள்: மீட்டர் வலைப்பின்னல், உச்சச் சுமை மேலாண்மை, மின்தடை மேலாண்மை, மின்சாரத் தரக் கண்காணிப்பு. தெலங்கானா பிறப்பதற்கு முன் திட்டமிடப்பட்டு, பிறந்த பிறகு நிறைவேறிய இம்முயற்சி மீட்டரும் தகவல் தொடர்பும் இங்கே இயங்கும் என்று நிறுவியது. ஆனால் மாநிலத்தின் சூரிய மின்சாரம் அதே காலத்தில் வளர்ந்ததற்கும் ஜீடிமெட்லாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது வளர்ந்த வழி வேறு. 2015 முதல் தெலங்கானா ஒரே இடத்தில் மாபெரும் சூரியப் பூங்கா அமைக்காமல், மாவட்டங்களில் ஏற்கெனவே இருந்த துணைமின்நிலையங்களின் அருகிலேயே நடுத்தர அளவு நிலையங்களை இணைத்தது. மின்சாரம் செலவாகும் ஊருக்குப் பக்கத்திலேயே உற்பத்தி நடந்ததால், நீண்ட மின்பாதைகளுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. எங்கே இணைப்பது என்ற ஒற்றை முடிவு, ஆயிரக்கணக்கான மீட்டர்கள் செய்யாததைச் செய்தது.

மீட்டர் பெருக்கம் கட்டமைப்பை உறுதியாக்கும் என்பதற்கும் சான்று இல்லை. 2020 ஆகஸ்ட் 12 அன்று, கிருஷ்ண ஜெயந்தி நாளில், உத்தரப் பிரதேசத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டன. கம்பி அறுபடவில்லை, மின்மாற்றி எரியவில்லை. மையக் கணினி அமைப்பிலிருந்து போன பிழையான துண்டிப்பு ஆணையே காரணம். அதன் பின் அம்மாநிலம் புதிய ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்துவதைக் கொஞ்சகாலம் நிறுத்தி வைத்தது. ஸ்பெயின் 2018 இறுதிக்குள் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தி முடித்த நாடு. 2025 ஏப்ரல் 28 நண்பகலில் அந்நாடும் போர்த்துகலும் ஏறத்தாழ முழுமையாக இருண்டன. மின்னழுத்தம் கட்டுமீறி ஏற, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. மின்னழுத்தத்தை நிலைக்கேற்பக் கட்டுப்படுத்த வேண்டிய மரபு நிலையங்கள் போதிய அளவில் அதைச் செய்யவில்லை. சூரிய, காற்று நிலையங்களுக்கு அப்படிக் கட்டுப்படுத்தும் கடமையை அன்றைய விதிகள் அளிக்கவும் இல்லை. அந்த நண்பகலில் கோடிக்கணக்கான ஸ்மார்ட் மீட்டர்கள் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

ஸ்மார்ட் மீட்டர் ஆதரவாளர்களின் வலுவான வாதம் வேறொன்று. நேரத்துக்கேற்ற கட்டணம் வைத்தால் மக்கள் தம் பயன்பாட்டை வெயில் நேரத்துக்கு மாற்றிக்கொள்வார்கள், அதற்கு மீட்டர் வேண்டும் என்பார்கள். கொள்கையளவில் இது சரி. 2023-ல் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளும் பகல் நேர மின்சாரம் சாதாரணக் கட்டணத்தைவிட 10 முதல் 20 விழுக்காடு மலிவாக இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் தெலங்கானாவில் உயரழுத்த இணைப்புப் பெற்ற தொழிற்சாலைகளிடம் நேரவாரியாகப் பதிவு செய்யும் மீட்டர்கள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நேரக் கட்டணமும் உண்டு. அது எப்படி அமைந்திருக்கிறது? காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் இரவு 10 வரையும் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதல். இரவு 10 முதல் காலை 6 வரை தள்ளுபடி. 2024 அக்டோபரில் ஒழுங்குமுறை ஆணையம் அந்த இரவுத் தள்ளுபடியை ஒரு ரூபாயிலிருந்து ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. பகல் 10 முதல் மாலை 6 வரை எந்தச் சலுகையும் இல்லை.

இதன் பொருளை நிறுத்தி யோசிக்க வேண்டும். ஜீடிமெட்லாவிலோ பட்டான்செருவிலோ உள்ள ஓர் உருக்காலை முதலாளி கணக்குப் போட்டால், உலையை நள்ளிரவில் ஓட்டுவதே லாபம். சூரியன் இல்லாத அந்த நேரத்தில் அவருக்குப் போகும் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருவது. இரவில் நிலக்கரி நிலையங்களைக் குறைக்க முடியாமல் மின்சாரம் மிஞ்சிய காலத்தில் பிறந்த அட்டவணை இது, அக்காலத்துக்கு நியாயமானது. 4,500 மெகாவாட் சூரியத்திறன் வந்த பிறகும் அது இரவுக்கே பரிசளிக்கிறது. மீட்டர் இருக்கிறது, தரவு இருக்கிறது, பில் போடும் மென்பொருளும் இருக்கிறது. இல்லாதது ஆணையின் ஒரு பத்தியில் செய்ய வேண்டிய திருத்தம் மட்டுமே. இருக்கும் மீட்டர்களைக்கொண்டு சூரியனுக்கு எதிராகக் கட்டணம் வைத்துவிட்டு, இன்னும் பல லட்சம் மீட்டர்கள் வந்தால் சூரிய மின்சாரம் தழைக்கும் என்று சொல்வது ஏற்கத்தக்கதல்ல.

அடுத்தது பம்புசெட். தெலங்கானாவின் உச்ச மின்தேவை, ஹைதராபாத் ஏசிகள் இரவெல்லாம் ஓடும் மே மாதத்தில் வருவதில்லை. 2023-ல் மார்ச் 30 அன்று 15,497 மெகாவாட். 2024-ல் மார்ச் 8 அன்று 15,623. 2025-லும் மார்ச்சிலேயே 17,000-ஐத் தாண்டியது. மார்ச் என்பது தெலுங்கில் யாசங்கி எனப்படும் கோடைச் சாகுபடியில் நெல் நீர் கேட்கும் மாதம். மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. மொத்தப் பயன்பாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கே போகிறது. 2018 ஜனவரி 1 முதல் அவற்றுக்கு 24 மணி நேரமும் இலவச மின்சாரம்.

அந்த அறிவிப்புக்கு முந்தைய மாதங்களில் நடந்த ஒன்று தானியங்குக் கருவிகளைப் பற்றி நிறையக் கற்றுத் தருகிறது. மின்சாரம் முறைவைத்து வந்த காலத்தில், நடுஇரவில் மும்முனை மின்சாரம் வரும்போது வயலுக்குப் போய் மோட்டார் போடுவதில் பாம்புக்கடி, மின்தாக்கு அபாயம் இருந்தது. அதனால் விவசாயிகள் ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்கிப் பொருத்தினார்கள். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும். தனி விவசாயிக்கு அது உயிர் காக்கும் கருவி. ஆனால் எல்லோரிடமும் அது இருக்கும்போது, தடைபட்ட ஃபீடருக்கு, அதாவது துணைமின்நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் மின்பாதைக்கு, மின்சாரம் திரும்பும் நொடியில் அதிலுள்ள அத்தனை பம்புகளும் ஒன்றாகக் கிளம்பி மின்மாற்றியைத் திணறடிக்கும். 24 மணி நேர மின்சாரம் வந்தால் பம்புகள் தேவையின்றி ஓடி நிலத்தடி நீரை வற்றடிக்கும் என்ற அச்சமும் சேர, 2017-ல் ஆட்டோ ஸ்டார்ட்டர்களைக் கழற்றச் சொல்லி அரசும் மின்பகிர்மான நிறுவனங்களும் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தன. கருவியின் பயன் அதைச் சூழ்ந்த விநியோக முறையைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இந்தப் பம்புகள் எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன என்பது மதிப்பீடாகவே இருந்துவருகிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனம் வகுத்த முறைப்படி மாதிரியாகத் தேர்ந்தெடுத்த மின்மாற்றிகளில் மீட்டர் வைத்து, அதிலிருந்து மாநிலம் முழுவதற்கும் கணக்கிடுகிறார்கள். மாதிரி மீட்டர்களில் பல பழுதானாலோ, தேர்வு பிசகினாலோ, எண் பிசகும். மதிப்பீடு மிகையானால் திருட்டும் கசிவும் விவசாயத்தின் பெயரில் ஒளிந்துகொள்ளும். பகிர்மான இழப்பு தாளில் குறையும். விவசாய மின்மாற்றிகள் அனைத்துக்கும் மீட்டர் வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் பலமுறை அறிவுறுத்தியும் வேலை முடியவில்லை. மூன்றில் ஒரு பங்கு அளக்கப்படாத கட்டமைப்பின்மேல் எத்தனை நுட்பமான கணிப்பு மென்பொருளை ஏற்றினாலும், அது ஊகத்தின்மேல் ஊகமாகத்தான் இருக்கும்.

ஏன் முடியவில்லை என்பதற்கு அரசியல் வரலாறு உண்டு. அதை ஒதுக்கிவிட்டுத் தொழில்நுட்பம் பேசுவது பயனற்றது. ஹைதராபாத்தின் மென்பொருள் அடையாளமான சைபர் டவர்ஸ் ஹைடெக் சிட்டியில் திறக்கப்பட்டது 1998 நவம்பரில். சில மாதங்களில், 1999 பிப்ரவரியில், ஆந்திர மின்வாரியம் உடைக்கப்பட்டுச் சீர்திருத்தம் தொடங்கியது. 2000 ஆகஸ்ட் 28 அன்று கட்டண உயர்வை எதிர்த்துச் சட்டமன்றம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின்மீது பஷீர்பாக்கில் காவல்துறை சுட்டதில் மூவர் இறந்தார்கள். 2004-ல் முதல்வரான ராஜசேகர ரெட்டி முதலில் கையெழுத்திட்டது இலவச விவசாய மின்சாரக் கோப்பில். அதற்குப் பின் அம்மண்ணில் பம்புசெட் மீட்டர் என்ற சொல்லே கட்டணத்தின் முன்னறிவிப்பாகக் கேட்கிறது. ஸ்மார்ட் மீட்டருக்கான மத்திய அரசின் பகிர்மானத் திட்டத்தில் தெலங்கானா தொடக்கத்தில் சேராததற்கும் அதுவே காரணம். விவசாயியின் அந்த அச்சம் நியாயமானது. மூன்று உயிர்களின் நினைவு அதில் இருக்கிறது.

ஆனால் அளப்பதற்கு ஒவ்வொரு பம்பையும் தொட வேண்டிய அவசியமே இல்லை. 11 கேவி ஃபீடரிலும் விவசாய மின்மாற்றியிலும் மீட்டர் வைத்தால் போதும். எந்த விவசாயிக்கும் பில் போகாது; மொத்தம் எவ்வளவு, எந்த நேரத்தில் என்பது தெரிந்துவிடும். சீர்திருத்தத் தொடக்க ஆண்டுகளில் ஒன்றுபட்ட ஆந்திரம் இழப்பைக் குறைத்ததும் ஏறக்குறைய இவ்வழியில்தான்: 2000-ல் மின்திருட்டுக்கு எதிரான சட்டம், ஃபீடர்களுக்கு மீட்டர், பெரிய நுகர்வோரின் மீட்டர் சோதனை, அவற்றின்மேல் கணினிக் கணக்கு. அங்கே கணினி மெய்யாகவே உழைத்தது, ஏனெனில் அதற்குக் கீழே மீட்டரும் சட்டமும் இருந்தன. குஜராத் 2003-க்கும் 2006-க்கும் இடையில் ஜோதிகிராம் திட்டத்தில் வீட்டு ஃபீடரையும் விவசாய ஃபீடரையும் பிரித்தது. அப்படிப் பிரித்த விவசாய ஃபீடருக்கு வெயில் நேரத்தில் மட்டும் மும்முனை மின்சாரம் கொடுத்தால், பம்புகள் சூரிய மின்சாரத்தில் ஓடும். மாநிலத்தின் மிகப்பெரிய சுமை சூரியனோடு ஒத்து நடக்கும். விவசாயிக்கும் இரவில் வயலுக்குப் போகும் கட்டாயம் இருக்காது. இலவசம் இலவசமாகவே நீடிக்கலாம். இதற்குத் தேவை கம்பி, கம்பம், மின்மாற்றி, துணைமின்நிலையத்தில் ஒரு சுவிட்ச், நேர அட்டவணை.

மிஞ்சும் பகல் மின்சாரத்தை மாலைக்குக் கொண்டுசெல்லும் வழியும் தெலங்கானாவிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்ரீசைலம் இடதுகரை நிலத்தடி மின்நிலையத்தில் 150 மெகாவாட் திறனுள்ள ஆறு இயந்திரங்கள், நாகார்ஜுன சாகரில் 100.8 மெகாவாட் திறனுள்ள ஏழு இயந்திரங்கள், இரு திசையிலும் சுழலக்கூடியவை. பகலில் நீரை மேலே ஏற்றலாம், மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கலாம். மொத்தம் 1,600 மெகாவாட். இவற்றை அன்றாடச் சேமிப்பாக ஓட்டுவதற்குக் குறுக்கே நிற்பது கிருஷ்ணா நீர்ப் பங்கீட்டில் தெலங்கானாவுக்கும் ஆந்திரத்துக்கும் உள்ள பூசல். ஏற்றி இறக்கும் நீர் செலவாகும் நீரல்ல. அப்படியிருந்தும் அதற்கான உடன்பாடு இல்லை. இயந்திரங்களைப் பேணுவதும் சாதாரண வேலையல்ல. 2020 ஆகஸ்ட் 20 இரவு ஸ்ரீசைலம் நிலையத்தில் மூண்ட தீயில் ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். நிலையம் முழுத்திறனுக்குத் திரும்ப நீண்ட காலம் பிடித்தது.

காளேஸ்வரம் நீரேற்றுப் பாசனத் திட்டத்தின் காயத்ரி நிலையத்தில் ஒவ்வொன்றும் 139 மெகாவாட் இழுக்கும் ஏழு மோட்டார்கள் இருக்கின்றன. மேடிகட்டா தடுப்பணையின் தூண்கள் 2023 அக்டோபரில் தாழ்ந்த பிறகு அத்திட்டத்தைப் பற்றிய விவாதம் ஊழலையும் கட்டுமானத்தையும் சுற்றியே நடக்கிறது. அது நடக்க வேண்டிய விவாதம்தான். ஆனால் இத்தகைய மோட்டார்களைப் பகல் பத்து மணிக்குப் போட்டு மாலை நான்கு மணிக்கு நிறுத்தினால், சில லட்சம் வீடுகளின் துணி துவைக்கும் இயந்திரங்களை நேரம் மாற்றி ஓட்டுவதைவிடப் பல மடங்கு பயன் கிடைக்கும். அதற்கு நீர்ப்பாசனத் துறையும் மாநிலச் சுமைப் பகிர்வு மையமும் ஒரே அட்டவணையில் இயங்கினால் போதும்.

கணினிக்கு இடம் எங்கே என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலிடம் முன்கணிப்புக்கு. நாளைக்கு எந்த மாவட்டத்தில் எப்போது மேகம் சூழும், எவ்வளவு சூரிய மின்சாரம் குறையும் என்பதை 15 நிமிடக் கூறுகளாகக் கணிப்பது கணினியின்றி இயலாது. அதற்கும் உந்துதல் தந்தது விதிதான்: கணிப்பு பிசகினால் தண்டத்தொகை என்ற ஒழுங்குமுறை வந்த பிறகே உற்பத்தியாளர்கள் நல்ல கணிப்புக்குக் காசு செலவிட்டார்கள். இரண்டாவது இடம், நிலையங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகள். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியா முழுவதும் இருண்டது. புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்ததால் மின்னழுத்தம் அடுத்தடுத்துச் சரிந்தது. இத்தனை சரிவுக்குமேல் தாங்காதே என்று காற்றாலைகளின் மென்பொருளில் இருந்த ஓர் அமைப்பு, அவற்றை ஒரே சமயத்தில் பின்வாங்க வைத்தது. அப்படி ஓர் எல்லை இருப்பது கட்டமைப்பை இயக்கியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பின்னர் அந்த எண்களை மாற்றியதும் குறை நீங்கியது. இப்படிப்பட்ட எண்களைச் சரிபார்ப்பது கண்ணுக்குத் தெரியாத, புகழ் கிடைக்காத வேலை. இந்தியாவுக்கு அதில் தேர்ந்த ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் தேவை.

தரவு கிடைத்தால் நல்ல முடிவு தானாக வரும் என்ற நம்பிக்கையைத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று தகர்க்கிறது. சூரிய மின்சாரத்தைக் கட்டாயமாக வாங்க வேண்டும் என்ற விதி இருந்தும், கட்டமைப்பின் பாதுகாப்பைக் காரணம் காட்டி நிலையங்களை நிறுத்தச் சொல்வதாக உற்பத்தியாளர்கள் முறையிட்டார்கள். தேசியக் கட்டமைப்பை இயக்கும் நிறுவனம் அந்த நாட்களின் பதிவுகளை ஆராய்ந்தது. பாதுகாப்புக்கு ஆபத்து இல்லாத நேரங்களிலும் நிறுத்தச் சொன்னது வெளிப்பட்டது. 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், வணிகக் காரணத்துக்காக நிறுத்திய மின்சாரத்துக்கு இழப்பீடு தரச் சொன்னது. அதிர்வெண், மின்னழுத்தம், சுமை எல்லாம் அந்தந்த நேரத்திலேயே திரைகளில் தெரிந்திருந்தன. முடிவைத் தீர்மானித்தது மின்வாரியத்தின் பணமுடை. மென்பொருளால் அதைத் தீர்க்க முடியாது.

ஹைதராபாத்தின் தகவல் தொழில்நுட்பம் மின்கட்டமைப்புக்கு வெளியே நின்று அறிவுரை சொல்லும் துறையும் அல்ல. அது ஒரு பெரும் சுமை. அமேசானின் மேகக்கணினிச் சேவை 2022 நவம்பரில் அங்கே தன் மண்டலத்தைத் திறந்தது. மற்ற நிறுவனங்களின் தரவு மையங்களும் வளர்கின்றன. அவை இரவும் பகலும் ஒரே அளவு மின்சாரம் கேட்கும். ஆண்டுக் கணக்கில் பசுமை மின்சாரம் வாங்கிக் கணக்கை நேர்செய்வதால், இரவு ஒன்பது மணிக்கு அக்கூடங்கள் எடுக்கும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருவது மாறாது. அவசரமற்ற கணக்கீடுகளை நண்பகலுக்கு ஒத்திவைக்க முடியும் என்று கூகுள் 2020-லேயே செய்து காட்டியது. இந்நகரின் மென்பொருள் திறமைக்கு இயல்பான வேலை அதுவே: முதலில் தன் சொந்தச் சுமையைச் சூரியனுக்கேற்ப அசைப்பது. இணைப்புகள் பெருகும்போது தாக்குதலுக்கான வாசல்களும் பெருகும் என்பதையும் மறக்கலாகாது. 2019-ல் தெலங்கானா மின்பகிர்மான நிறுவனங்களின் இணையதளங்களே பணயத்தொகை கேட்கும் மென்பொருள் தாக்குதலில் முடங்கின.

இரண்டையும் ஒருசேரச் செய்யலாமே என்பது கடைசியாக வரும் மறுப்பு. பகிர்மான நிறுவனங்கள் கடனில் தத்தளிக்கும்போது அது நடைமுறையில் சாத்தியமில்லை. பல ஆண்டுகளுக்கு மீட்டர் தவணை கட்ட ஒப்புக்கொண்ட நிறுவனம், ஃபீடர் பிரிக்கவும் மின்மாற்றி மாற்றவும் லைன்மேன் பணியிடம் நிரப்பவும் பணம் தேடித் திண்டாடும். அடிமரம் காய்ந்துகொண்டிருக்க, இலைகளுக்கு நீர் தெளிக்கும் செலவு அது. வரிசை முக்கியம். ஃபீடரிலும் விவசாய மின்மாற்றியிலும் முதலில் மீட்டர். அதன் எண்கள் ஃபீடர்வாரியாகப் பொதுமக்கள் பார்வைக்கு. பகலுக்கு விவசாய மின்சாரம். ஸ்ரீசைலத்திலும் சாகரிலும் நீரேற்றத்துக்கு இரு மாநில உடன்பாடு. வீட்டு ஸ்மார்ட் மீட்டர் இவற்றுக்குப் பிறகு வரட்டும். அப்போது அதற்கும் பயன் இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே, இன்றே செய்யக்கூடியது கட்டணத் திருத்தம். தெலங்கானா மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டண ஆணைக்கு முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. யாரும் மனு கொடுக்கலாம், நேரில் பேசலாம். இரவுத் தள்ளுபடியைப் பகல் 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே மாற்றித் தருமாறு தொழில் அமைப்புகளும் நுகர்வோர் சங்கங்களும் அங்கே கேட்க வேண்டும். அதை நடைமுறைப்படுத்த உயரழுத்தத் தொழிற்சாலைகளில் புதிதாக ஒரு மீட்டர்கூடப் பொருத்தத் தேவையில்லை.